எந்தக் காரை வெட்டலாம்?

1968-ல் அமெரிக்காவின் டாட்ஜ் டீலர்களிடம் வந்து இறங்கிய சில டார்ட் கார்களுக்குப் பெயின்ட்கூட அடித்திருக்கவில்லை. உடல் முழுக்க பிரைமர். முன் மட்கார்டுகளும் பானெட்டும் ஃபைபர் கிளாஸ். கதவுகளை அமிலத்தில் முக்கித் தகட்டின் கனத்தைக் குறைத்திருந்தார்கள். கண்ணாடிகள் வழக்கத்தைவிட மெல்லியவை. அவற்றை ஏற்றி இறக்கக் கைப்பிடி கிடையாது, ஒரு நாடாவைப் பிடித்து இழுத்துக்கொள்ள வேண்டும். பின் சீட் இல்லை, ரேடியோ இல்லை, ஹீட்டர் இல்லை. எடை குறைவு என்பதற்காக முன் சீட்டுகளைக்கூட ஒரு வேனிலிருந்து எடுத்துப் பொருத்தினார்கள். பின் சக்கரத்தின் மேல் எடை விழட்டும் என்று பேட்டரி டிக்கிக்குப் போய்விட்டது. பானெட்டைத் திறந்தால், அந்தச் சிறிய குடும்பக் காருக்குள் ஏழு லிட்டர் ஹெமி இன்ஜின். இது பொதுச்சாலையில் ஓட்டுவதற்கான வாகனம் அல்ல என்று கம்பெனியே ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியது.

கிறைஸ்லர் நிறுவனம், ஹர்ஸ்ட் நிறுவனத்தின் துணையோடு இப்படிக் கட்டிய டார்ட் கார்கள் சுமார் 80. அதே முறையில் கட்டிய பிளிமத் பாரகுடா சுமார் 70. இரண்டும் ஒரே வேலைக்காகப் பிறந்தவை. நின்ற இடத்திலிருந்து கிளம்பி, கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, பக்கத்து லேனில் நிற்பவருக்கு முன்னால் கடக்க வேண்டும். அன்றைக்கு அவை பத்தரை விநாடி வாக்கில் கடந்தன. இன்று அதே வகுப்பில் ஓடும் கார்கள் எட்டரை விநாடியிலும் அதற்குக் குறைவாகவும் முடிக்கின்றன. ஐம்பது ஆண்டு கடந்த கார் இளமையில் ஓடியதைவிட வேகமாக ஓடுகிறது என்றால் அதற்குப் பின்னால் எவ்வளவு பட்டறை வேலை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே காரை ஏலத்துக்குக் கொண்டுபோனால் லட்சக்கணக்கான டாலர் கிடைக்கும். தொழிற்சாலையில் போட்ட இன்ஜின், அமிலத்தில் முக்கிய அசல் கதவு, மெல்லிய அசல் கண்ணாடி எல்லாம் அப்படியே இருந்தால்தான் அந்த விலை. ரேஸ் விட்டால் இவற்றில் ஏதோ ஒன்று உடையும். ஓடுவதற்காகவே பிறந்த காரை ஓட்டாமல் பூட்டிவைப்பதா, ஓட்டிச் சிதைப்பதா? அமெரிக்காவில் பழைய மஸில் கார்களை மீட்டெடுக்கும் ஒவ்வொருவரும், கையில் கிரைண்டரை எடுப்பதற்கு முன்னால் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

மஸில் கார் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நடுத்தர அளவுக் காரில் பெரிய காரின் இன்ஜினைத் தூக்கி வைத்தார்கள். அவ்வளவுதான். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது. போன்டியாக் பிரிவின் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் 389 கன அங்குல இன்ஜினை 'விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம்' என்ற வகையில் சேர்த்து, விதியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். 1964-ல் வந்த அந்த ஜிடிஓ முதல் ஆண்டிலேயே 32,450 விற்றது. அதன் பிறகு ஃபோர்டு, கிறைஸ்லர், ஷெவர்லே எல்லோருமே களத்தில் குதித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ரேஸில் ஜெயித்தால் திங்கட்கிழமை ஷோரூமில் விற்கும் என்பது அந்தக் காலத்து வியாபாரக் கணக்கு. 1970-களின் தொடக்கத்தில் இன்ஷூரன்ஸ் கட்டணம், புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1973-ன் எண்ணெய் நெருக்கடி மூன்றும் சேர்ந்து அந்தக் கணக்கை முடித்துவைத்தன.

டிராக் ரேஸ் எனப்படும் இந்தக் கால் மைல் ஓட்டம் அதற்கும் மூத்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து வீடு திரும்பிய இளைஞர்கள் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிகளிலும், பிறகு ஊர்ச் சாலைகளிலும் கார்களை விரட்டினார்கள். சாவுகள் விழுந்தன. 'ஹாட் ராட்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ், 1951-ல் என்.ஹெச்.ஆர்.ஏ. என்ற அமைப்பைத் தொடங்கினார். சாலையில் ஓடியவர்களை, விதிமுறையும் ஆம்புலன்ஸும் உள்ள தனித் தடத்துக்குக் கொண்டுவந்த பெருமை அவருக்கு உரியது. அந்தத் தடங்கள் பலவும் விமான ஓடுபாதைகளாக இருந்தவை. சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுபாதையில் கார் ரேஸ் பார்த்து வளர்ந்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சரி, பட்டறைக்கு வருவோம்.

முதல் வேலை காரைத் தேர்ந்தெடுப்பது. என் கருத்தில் மொத்த முயற்சியின் நியாயமும் இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. 1969-ல் அலுமினிய 427 இன்ஜினோடு வந்த இசட்.எல்.1 கமாரோ மொத்தமே 69தான். அப்படி ஒன்றின் பின்பக்கத் தகட்டை அகலமான டயருக்காக வெட்டுவது பாவம். அதே நேரம், ஆறு சிலிண்டர் இன்ஜினோடு பள்ளிக்கூட ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் ஓட்டிய சாதாரண டார்ட் கார்கள் லட்சக்கணக்கில் வந்தன. வடிவம் ஒன்று, அடித்தளம் ஒன்று. அதில் ஒன்றை எடுத்து வெட்டினால் சரித்திரத்துக்கு நஷ்டம் எதுவும் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் முதலில் கவனிப்பது காரின் அடையாள எண்ணையும், எந்த இன்ஜின், எந்த நிறம், எந்தச் சாமான்களோடு தொழிற்சாலையை விட்டு வந்தது என்று சொல்லும் சிறு தகட்டையும்தான். அதைப் படித்த பிறகே கிரைண்டர்.

அடுத்தது துரு. மிச்சிகன், ஒஹையோ போன்ற மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பு காரின் அடிவயிற்றைத் தின்றுவிடும். மேலே பெயின்ட் பளபளக்கும், கம்பளத்தைத் தூக்கினால் தரை தெரியும். டார்ட் காரில் தரைத் தகடு, டிக்கியின் அடி, பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள மூலை, முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பிகள் வந்து பிடிக்கும் குறுக்குச் சட்டம், இந்த இடங்களை முதலில் தட்டிப் பார்ப்பார்கள். கடைசியாகச் சொன்ன சட்டம் போயிருந்தால் கார் போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் அரிசோனாவின் வறண்ட பாலைவனத்தில் கிடந்த காருக்கு, வெயிலில் சீட்டெல்லாம் கிழிந்திருந்தாலும், கிராக்கி அதிகம்.

இன்ஜின், ஆக்ஸில், கண்ணாடி, ஒயரிங் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெற்றுக் கூட்டை ஒரு சுழல் சட்டத்தில் மாட்டுவார்கள். மொத்த உடலையும் தலைகீழாகத் திருப்பி நின்றபடியே அடிப்பக்கத்தில் வெல்டிங் செய்யலாம். பழைய பெயின்ட்டை உரித்த பிறகுதான் உண்மை தெரியும். யாரோ எப்போதோ ஆக்சிடென்ட்டில் நசுங்கிய இடத்தை விரற்கடை கனத்துக்குப் பட்டி போட்டு மூடியிருப்பார். துருப்பிடித்த தகட்டின் மேல் இன்னொரு தகட்டை வைத்து ரிவெட் அடித்திருப்பார். எல்லாவற்றையும் அறுத்தெடுத்துவிட்டுப் புதுத் தகடு போட வேண்டும். இப்போது கமாரோ, மஸ்டாங் போன்றவற்றுக்கு முழு உடலையே புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். மிச்சமிருக்கும் அசல் கார்களைப் பிழைக்கவைத்த ஏற்பாடு இது. ரேஸுக்கு வெட்ட நினைப்பவர் புதுக் கூட்டை வாங்கி வெட்டட்டும்.

இந்த இடத்தில் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இன்ஜினுக்குத் தாவிவிடுகிறார்கள். ஆயிரம் குதிரைசக்தி வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். காசு இருந்தால் அது கிடைத்தும்விடும். கிறைஸ்லரின் மோப்பார் பிரிவு 1,000 குதிரைசக்தி தரும் 426 கன அங்குல 'ஹெலிஃபன்ட்' இன்ஜினைப் பெட்டியில் போட்டு 29,995 டாலருக்கு விற்பனைக்கு விட்டது. 2019 ஏப்ரல் 26-ல் பதிவு தொடங்கி இரண்டே நாளில் தீர்ந்துபோனது. ஆனால், அந்த இன்ஜினைப் பழைய டார்ட் காரில் அப்படியே வைத்து மிதித்தால் கார் ஓடாது. டயர் புகையும், ஆக்ஸில் முறியும், உடல் ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டு முன் கண்ணாடி விரிசல் விடும். டிராக் ரேஸ் கார் பின் டயரில் தொடங்கி முன்னால் கட்டப்பட வேண்டிய ஒன்று.

பின் டயர் தரையைக் கவ்வ வேண்டும். 'ஸ்லிக்' எனப்படும் கோடு இல்லாத மிருதுவான டயரில் காற்றை மிகக் குறைவாக, 12 முதல் 15 பவுண்டு வரை மட்டுமே வைப்பார்கள். கிளம்பும் கணத்தில் அதன் பக்கவாட்டுச் சுவர் சுருங்கி மடிந்து, தரையோடு ஒட்டும் பரப்பு பெரிதாகும். ரிம் மட்டும் சுழன்று டயர் நின்றுவிடாமல் இருக்க ரிம்மில் திருகு அடிப்பார்கள். இவ்வளவு அகலமான டயர் பழைய காரின் சக்கர அறைக்குள் நுழையாது. உள்பக்கத் தகட்டை வெட்டி அறையை உள்ளே தள்ள வேண்டும், ஆக்ஸிலைக் குறுக்க வேண்டும். நான் மேலே சொன்ன வெட்டு இதுதான். செய்துவிட்டால் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

அடுத்து ஆக்ஸில். டானா 60, ஃபோர்டின் ஒன்பது அங்குல ஆக்ஸில் என்று இரண்டு பெயர்கள் இந்த உலகத்தில் சத்தியம்போலச் சொல்லப்படுகின்றன. இரண்டு பின் சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுற்றும்படி நடுவில் பூட்டிவிடுவார்கள். கிரவுன் பினியன் பல்விகிதத்தை 4.56, 4.88 என்று உயர்த்துவார்கள். ஹெமி டார்ட் கார்கள், நான்கு கியர் கொண்டவை, 4.88 விகிதத்தோடுதான் தொழிற்சாலையிலிருந்தே வந்தன. சாலையில் நிதானமாக ஓட்ட உதவாது. கால் மைலுக்கு மட்டும் உதவும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி பின் பட்டை ஸ்பிரிங். லாரியில் இருக்கும் அதே பட்டைதான். இன்ஜின் திடீரென்று இழுக்கும்போது சக்கரம் முன்னோக்கிச் சுற்றும், ஆக்ஸில் கூடு எதிர்த் திசையில் திரும்பப் பார்க்கும். பட்டை எஸ் வடிவத்தில் வளைந்து, பிறகு பட்டென்று நிமிரும். டயர் குதிக்கும். பிடி போய்விடும். கிறைஸ்லர் பொறியாளர்கள் இதற்குப் பெரிய எந்திரம் எதையும் தேடிப் போகவில்லை. ஆக்ஸிலைப் பட்டையின் நடுவில் வைக்காமல் முன்பக்கம் தள்ளி வைத்தார்கள். முன் பாதி குட்டையாக, விறைப்பாக இருக்கும், வளையாது. ஆக்ஸிலின் மூக்கு மேலே எழும்போது தடுக்க, தரைத் தகட்டுக்கு அடியில் ஒரு ரப்பர் முட்டு. இன்னும் நுட்பமானது ஒன்று உண்டு. இன்ஜினிலிருந்து வரும் சுழற்சி, கிளம்பும்போது வலது பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். அதை ஈடுகட்ட வலப்பக்கப் பட்டையை இடப்பக்கத்தைவிட விறைப்பாகவும் வளைவாகவும் செய்தார்கள். அதனால் சும்மா நிற்கும்போது அந்தக் கார் வலப்பக்கம் சற்றுத் தூக்கலாக, கோணலாக நிற்கும். தெரியாதவருக்குப் பழுது என்று தோன்றும். ரேஸ் கிளம்பும் கணத்தில் இரண்டு டயரும் சமமாக அழுந்தும். ஐம்பதாண்டுக்கு முந்தைய அந்தப் பட்டையை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், இன்றும் வாங்குகிறார்கள்.

இதற்குப் பிறகுதான் இன்ஜின். பழைய பிளாக்கில் விரிசல் உண்டா என்று காந்தத் தூள் வைத்துப் பார்ப்பார்கள். சிலிண்டர் சுவர் எவ்வளவு கனம் மிச்சமிருக்கிறது என்று ஒலி அலையால் அளப்பார்கள். அதைப் பொறுத்தே எவ்வளவு போரிங் செய்யலாம் என்பது தீர்மானமாகும். அச்சில் அடித்துச் செய்த பிஸ்டன், கிராம் கணக்கில் எடை சமன் செய்த கனெக்டிங் ராடுகள், பெரிய வால்வுகள். ஹெமியின் பலம் அதன் அரைக்கோள வடிவ எரியறை. இரண்டு வால்வுகளும் எதிரெதிரே இருப்பதால் காற்று தாராளமாக உள்ளே வந்து தாராளமாக வெளியேறும். 1968-ன் ரேஸ் ஹெமிக்குக் கம்பெனி காட்டிய கணக்கு 425 குதிரைசக்தி. உண்மையில் ஐந்நூறுக்கும் மேல் என்பது அப்போதே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அசல் இன்ஜின் கையில் இருப்பவர்கள் அதை எண்ணெய் பூசிச் சுற்றிப் பட்டறை மூலையில் பத்திரப்படுத்திவிட்டு, புதிதாக வார்த்த பிளாக்கில் கட்டிய இன்ஜினோடு ரேஸ் விடுகிறார்கள். நூற்றுக்கு நூறு சரியான வழி இது. கியர்பாக்ஸுக்கும் கதவுக்கும் பானெட்டுக்கும் இதே முறையைக் கடைப்பிடிக்கலாம். கழற்றி மாட்டக்கூடிய எதையும் மாற்றட்டும். வெட்டினால் திரும்பாத இடத்தில் மட்டும் கையை வைக்க வேண்டாம்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாது. என்.ஹெச்.ஆர்.ஏ. விதிகள் நேரத்தை வைத்து எழுதப்பட்டவை. கால் மைலை 13.99 விநாடிக்குள் கடந்தால் ஹெல்மெட். 11.49-க்குள் வந்தால் ஓட்டுநருக்குப் பின்னால் வளைந்த உருக்குக் குழாய். 9.99-க்குள் வந்தால் முழுக் கூண்டு, காரின் சட்டகத்துக்குச் சான்றிதழ். மணிக்கு 150 மைலைத் தாண்டினால் பின்னால் பாராசூட். இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு விபத்து இருக்கிறது. 1970 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் லயன்ஸ் தடத்தில் டிராக் ரேஸ் வீரர் டான் கார்லிட்ஸ் ஓட்டிய வண்டியின் கியர்பாக்ஸ் காலுக்கடியில் வெடித்து, அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து அடுத்த வண்டியைக் கட்டி ஜெயித்தார். அவர் ஓட்டிய உச்ச வகுப்பின் வண்டிகள் எல்லாமே அந்த வடிவத்துக்கு மாறின.

ரேஸ் நாளில் நடப்பது இது. தண்ணீர் தெளித்த இடத்தில் பின் டயரைச் சுழலவிட்டுப் புகை கிளப்புவார்கள். வேடிக்கை காட்ட அல்ல, ரப்பர் சூடேறினால்தான் ஒட்டும். பிறகு அங்குலம் அங்குலமாக முன்னேறி, தரையோடு ஓடும் இரண்டு ஒளிக்கதிர்களை முன் டயர் மறைக்கும்படி நிறுத்த வேண்டும். எதிரே கம்பத்தில் விளக்குகள். மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எரிந்து பச்சை வரும். பச்சையைப் பார்த்துக் கிளம்பியவர் தோற்றார். கடைசி மஞ்சளிலேயே கிளம்பிவிட வேண்டும். ஒரு நொடிப்பிசகு முந்தினால் சிவப்பு, ஆட்டம் முடிந்தது. முதல் 60 அடி எத்தனை விநாடியில் போயிற்று என்பதைத்தான் ஓட்டம் முடிந்ததும் தரும் நேரச் சீட்டில் எல்லோரும் முதலில் தேடுவார்கள். அங்கே விநாடியில் பத்தில் ஒரு பங்கு மிச்சப்பட்டால் மறுமுனையில் அதைவிட அதிகமாகக் கிடைக்கும்.

ஊர்த் தடங்களில் வாராவாரம் நடப்பது பெரும்பாலும் 'பிராக்கெட்' முறை. என் கார் 12.00 விநாடியில் ஓடும் என்று நீங்கள் கண்ணாடியில் எழுதிக்கொள்கிறீர்கள், எதிராளி 10.00 என்று எழுதுகிறார். உங்களுக்கு இரண்டு விநாடி முன்னதாகப் பச்சை விழும். சொன்ன நேரத்தைவிட வேகமாக ஓடினாலும் தோல்விதான். பணம் கொட்டிக் கட்டிய காரை, அப்பாவின் பழைய காரை ஓட்டி வரும் கல்லூரிப் பெண் நேர்மையாக ஜெயிக்க முடிகிற விளையாட்டு இது. தன் காரை யார் நன்றாக அறிந்துவைத்திருக்கிறாரோ அவர் ஜெயிக்கிறார்.

இவ்வளவு பாடு எதற்கு, புதுக் கார் வாங்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2018-ல் வந்த டாட்ஜ் டீமன் 9.65 விநாடியில் கால் மைலைக் கடந்தது. ஏசியோடு, பாட்டுக் கேட்டபடி. கூண்டு இல்லாததால் அந்த நிலையில் அப்போது என்.ஹெச்.ஆர்.ஏ. போட்டியில் ஓட முடியவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அந்தக் காரில் ஓட்டுநர் செய்ய வேண்டியதில் பெரும்பகுதியைக் கம்ப்யூட்டர் செய்கிறது. பழைய டார்ட் காரில் பட்டையின் கோணம், டயரின் காற்று, கார்புரேட்டரின் ஜெட் எல்லாம் கட்டியவரின் முடிவு. அன்றைய காற்றின் சூட்டையும் ஈரத்தையும் பார்த்து மறுபடி முடிவெடுக்க வேண்டும். அந்த அறிவு புத்தகத்தில் பாதி, கையில் பாதி. ஓட்டாத காரில் அது அழிந்துபோகும்.

எல்லாக் காரையும் இப்படிப் பிரித்துக் கட்டக் கூடாது என்பதற்கு டெட்ராய்ட்டின் 'பிளாக் கோஸ்ட்' சாட்சி. கருப்பு நிற 1970 டாட்ஜ் சாலஞ்சர், 426 ஹெமி. இரவில் உட்வர்ட் அவென்யூவில் தோன்றி, எதிர்த்தவர்களை ஜெயித்துவிட்டு மாதக்கணக்கில் காணாமல் போகும். ஓட்டியவர் காட்ஃப்ரே குவால்ஸ் என்ற டெட்ராய்ட் போலீஸ்காரர், முன்னாள் ராணுவ வீரர் என்பது பின்னால்தான் வெளியே தெரிந்தது. 2015-ல் அவர் இறந்த பிறகு கார் மகனிடம் வந்தது. பெயின்ட்டில் கீறல்கள் உட்பட அப்படியே விட்டுவைத்தார்கள். 2020-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம் பிடித்தது, 2023-ல் பத்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அந்தக் காருக்குப் புது பெயின்ட் அடித்திருந்தால் அதுவும் மற்றொரு பளபளப்பான சாலஞ்சர், அவ்வளவே.

கார்களைவிட இப்போது தடங்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டியிருக்கிறது. நியூஜெர்சியின் இங்கிலீஷ்டவுனில் 2018-ல் டிராக் ரேஸை நிறுத்திவிட்டார்கள். அட்லாண்டா தடம் 2021-ல் மூடப்பட்டது. 2023-ல் ஹூஸ்டன் அருகே பேடவுனில் இருந்த தடமும், டென்வர் அருகே மலையடிவாரத்தில் இருந்த பாண்டிமியர் தடமும் போயின. சுற்றிலும் வீடுகள் முளைக்கின்றன, நிலத்தின் விலை ஏறுகிறது, சத்தம் பிடிக்கவில்லை என்று புகார் போகிறது. தடம் மூடினால் ரேஸ் நிற்பதில்லை, மறுபடி சாலைக்கு வருகிறது. வாலி பார்க்ஸ் எதைத் தடுக்க நினைத்தாரோ அதுவே நடக்கிறது.

நியூஜெர்சியின் எடிசனிலும் ஹூஸ்டனிலும் அட்லாண்டாவிலும் வசிக்கும் நம்மவர்கள் பலர், காரில் போய்வரும் தூரத்தில் இருந்த இந்தத் தடங்களை ஒருமுறைகூடப் பார்க்காமல் இழந்திருப்பார்கள். மிச்சமிருப்பவற்றையாவது பாருங்கள். இண்டியானாபொலிஸில் செப்டம்பர் தொடக்கத்தின் தொழிலாளர் தின விடுமுறையில் யு.எஸ். நேஷனல்ஸ் நடக்கிறது. 1968-ன் ஹெமி டார்ட், பாரகுடா வகைக் கார்களுக்கென்று 'ஹெமி சேலஞ்ச்' என்ற தனிப் போட்டி அங்கே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தப்பட்டுவருகிறது. ஓடுபவற்றில் அசலும் உண்டு, சாதாரண டார்ட் உடலில் அதே அளவுப்படி கட்டியவையும் உண்டு. பிள்ளைகளை அழைத்துப் போங்கள், காதடைப்பான் மறக்க வேண்டாம். என்.ஹெச்.ஆர்.ஏ. போட்டிகளில் நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் பட்டறைப் பகுதிக்குள் போகலாம். காரின் பக்கத்தில் நின்று பின் பட்டையைக் காட்டிக் கேளுங்கள். வேலையை நிறுத்திவிட்டுச் சொல்லித்தருவார்கள்.